அடக்கம் செய்யப்படாதோர்: உலக அழிவுப் புதினங்கள் குறித்து

சில ஆண்டுகளுக்கு முன், நமது கல்லூரி விடுதியில் மாணவர் ஒருவரின் தலையணைக்கடியிலிருந்து ஆங்கிலப் புதினம் ஒன்று கைப்பற்றப்பட்டது. செத்தவர்கள் எழுந்துவந்து உயிரோடிருப்பவர்களைக் கடிக்கும் கதை என்று கேள்விப்பட்ட விடுதிக் காப்பாளர், அதனை நம்மிடம் கொண்டுவந்து ஒப்படைத்தார். உரிய கண்டனத்தை நாம் வழங்குவோம் என்பது அவரது எதிர்பார்ப்பு. கண்டிப்பதற்கு முன் படித்துவிடுவதே நேர்மை என்றெண்ணி அன்றிரவு அதனைத் திறந்தோம். ஃபஜ்ருக்குப் பாங்கு சொல்லும்போதுதான் மூடினோம். மாக்ஸ் ப்ரூக்ஸ் என்னும் அமெரிக்கர் 2006இல் வெளியிட்ட 'வேர்ல்ட் வார் இஸட்' அது. நூலைத் திருப்பிக் கொடுத்தபோது, தண்டனை ஏதுமில்லை என்று கண்டுகொண்ட அம்மாணவர் சற்றே துணிந்து ஒரு கேள்வி கேட்டார்: "ஹழ்ரத், இந்தக் கதையில சாகிறவங்களுக்கு ஜனாஸாத் தொழுகை உண்டா?"

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். நாமும் சிரித்துவிட்டு வந்துவிட்டோம். எனினும், அதன்பின் தேடிப்பிடித்துப் படித்த இவ்வகைப் புதினங்கள் ஒவ்வொன்றிலும் அக்கேள்வி நம்மைத் தொடர்ந்து வந்தது. இன்று அது ஒரு நல்ல விமரிசன அளவுகோல் என்றே நமக்குத் தோன்றுகிறது. உலகம் அழிவதைப் பற்றிய ஒரு கதை, தன் பிணங்களை என்ன செய்கிறது?

நம்மவர்களிடையே இந்நூல்கள் பற்றி இரண்டு நிலைப்பாடுகள் உள்ளன. வீண் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது ஒன்று. யஃஜூஜ், மஃஜூஜ் கூட்டத்தாரோடு முடிச்சுப்போட்டு, மேலைநாட்டார் நம் வேதச் செய்தியை மெய்ப்பித்துவிட்டனர் என மகிழ்வது மற்றொன்று. பின்னது பொருந்தாது, யஃஜூஜ், மஃஜூஜ் உயிருள்ள மக்கட்கூட்டத்தார், செத்தெழுந்தவர் அல்லர். மேலும், வேதங்கள் கூறும் இறுதிநாளில் தப்பிப் பிழைத்து வாகைசூடும் நாயகன் எவனுமில்லை. எழுப்பப்படுகிறவர்கள் கேள்வி கேட்கப்படுவதற்காக எழுப்பப்படுகிறார்கள். புதினங்களிலோ ஞாயிறு வழக்கம்போல் உதிக்கிறது, கடல் வற்றுவதில்லை, மலைகள் பஞ்சாய்ப் பறப்பதுமில்லை. அரசும், வழக்குமன்றமும், மருத்துவமனையும், மையவாடியும் மட்டுமே இல்லாமற் போகின்றன. ஆயுதம் வைத்திருப்பவன் எஞ்சுகிறான்.

சொல்லாராய்ச்சி நம் தொழிலோடு ஒட்டியது என்பதால் ஒரு செய்தியை இங்குக் குறிப்பிட விரும்புகிறோம். இன்றைய ஜாம்பிக் கதைகளுக்கெல்லாம் மூலமாகக் கருதப்படுவது ஜார்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்னும் திரைப்படம். அப்படத்தில் ஜாம்பி என்ற சொல்லே வருவதில்லை. எழுந்துவரும் பிணங்களை அதில் 'கூல்' என்றே அழைக்கிறார்கள். இது நம் அரபுச் சொல். பாலைவழியில் உருமாறி வந்து வழிப்போக்கனைத் திசைதப்பச் செய்து கொல்லும் ஒன்றை ஜாஹிலிய்யாக் கால அரபியர் கூல் என்றனர். அப்படி ஒன்றில்லை என மறுக்கும் நபிமொழி முஸ்லிமின் தொகுப்பில் உண்டு. அந்தப் பழைய கூல் மையவாடிக்குப் போவதில்லை, பிணம் தின்பதுமில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரத்தொரு இரவுகளைப் பிரெஞ்சில் ஆக்கிய அந்துவான் கலான், அரபுக் கையெழுத்துப் படிகளில் காணப்படாத ஸீதி நுஃமான் கதையைத் தம் பதிப்பில் சேர்த்தார். அதில்தான் கூல் கப்றைத் தோண்டுகிறது. ஹலப் நகரத்து ஹன்னா தியாபிடம் கலான் கேட்டறிந்த கதைகளுள் அதுவும் ஒன்று. பிணந்தின்னும் வழக்கத்தைக் கூலுக்கு ஏற்றியவர் கலானே என ஆய்வாளர் சிலர் கருதுவர். எவ்வாறாயினும், நாம் அனுப்பாத சரக்கு நமது முத்திரையோடு உலகம் சுற்றி வந்திருக்கிறது.

ஜாம்பி என்னும் சொல்லின் வரலாறு இதனினும் வேதனையானது. அது ஹைத்தித் தீவிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் செத்துச்செத்து விழுந்த தீவு அது. 1791இல் கிளர்ந்தெழுந்து 1804இல் விடுதலை பெற்றது. இறந்த பிறகாவது உழைப்பிலிருந்து விடுபடலாம் என நம்பியவனுக்கு, செத்த பின்னும் எழுப்பி வேலை வாங்குவார்கள் என்பதே பெரும் அச்சம். அந்த ஜாம்பி யாரையும் கடிப்பதில்லை. ஹைத்தி அமெரிக்கப் படையின் ஆக்கிரமிப்பில் இருந்த காலத்தில் (1915-1934) அங்குச் சென்ற வில்லியம் ஸீப்ரூக் 1929இல் எழுதிய நூல் இச்சொல்லை அமெரிக்கருக்குப் பரவலாக அறிமுகப்படுத்தியது. அதிலும் கரும்பு வயலில் தலைகவிழ்ந்து வேலை செய்யும் பிணங்களே வருகின்றன. தமிழில் 'நடைப்பிணம்' என்கிறோமே, அச்சொல்லில் இரக்கம் இருக்கிறது. ஹைத்தியரின் ஜாம்பியும் அத்தகையதே. அடிமையின் துயரம் 40 ஆண்டுகளுக்குள் ஆண்டானின் அச்சமாக மாறியது. இரங்கத்தக்க உருவம் சுடத்தக்க உருவமாயிற்று. இந்த மாற்றத்தை நினைவில் வைத்துக்கொண்டுதான் இந்நூல்களைப் படிக்கவேண்டும் என்பது நம் கருத்து.

ரொமேரோ தம் படத்திற்கான கருவை ரிச்சர்ட் மேத்சனின் 'ஐ ஆம் லெஜண்ட்' (1954) என்னும் புதினத்திலிருந்து பெற்றதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இவ்வகையில் நாம் படித்தவற்றுள் மிகச் சிறந்தது அதுவே. அதில் வருவோர் குருதி குடிப்பவர்கள். நோய்க்கிருமி ஒன்றால் அவ்வாறு ஆனவர்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் எஞ்சிய ஒரே மனிதன் நெவில், பகலில் அவர்களைத் தேடிச் சென்று மரமுளை அடித்துக் கொல்கிறான், இரவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடிக்கிறான். பலரும் நினைவில் வைத்திருப்பது இதைத்தான். நம்மைப் பிடித்து நிறுத்தியது வேறு பகுதி. நோய் பரவியபோது, இறந்தவர் அனைவரையும் எரிக்கவேண்டும் என்று ஆணை வருகிறது. ஓயாமல் எரியும் பொதுத் தீக்குழியில் நெவிலின் சிறுமகளின் உடல் எறியப்படுகிறது. அடுத்து மனைவி வர்ஜீனியா இறக்கிறாள். இவளையும் அந்தக் குழிக்குக் கொடுக்க அவனால் முடியவில்லை. ஆணையை மீறி, இரவில், யாருமறியாமல் அவளை மண்ணில் புதைக்கிறான். பின்பு ஓரிரவு கதவருகே ஓர் ஒலி. திறந்தால், அவள்.

அன்பின் காரணமாகச் செய்த ஒரே கடமை ஆபத்தாகத் திரும்பிவருகிறது. மலிவான எழுத்தாளர் இதனைப் பாடமாக்கியிருப்பார்: பார்த்தீர்களா, எரித்திருக்க வேண்டும் என்று. மேத்சன் அவ்வாறு செய்யவில்லை. நெவில் அவளை இரண்டாம் முறை கொன்று, மீண்டும் எரிகுழிக்குக் கொடாமல், கல்லறையில் வைத்துப் பூட்டி, அவ்வப்போது சென்று பார்த்துவருகிறான். இறுதியில் அவன் அறிவது இன்னும் கொடியது. அவன் பகலில் கொன்றவர்களுள் நோயுற்றும் உயிரோடிருந்தவர்கள் உண்டு. அவர்கள் மருந்துண்டு புதுச் சமூகம் அமைத்திருக்கிறார்கள். அவர்கள் பயந்து நடுங்கும் கொடிய உருவம் அவன்தான். எவரைப் பிணம் என்று அவன் முடிவு செய்தானோ அவரெல்லாம் பிணமல்லர். இம்முடிவை 2007இல் வந்த திரைப்படம் மாற்றி, நாயகனைத் தியாகியாக்கிவிட்டது. புதினத்தின் உயிர் அதனோடு போயிற்று.

தனித்து விடப்பட்ட மனிதன் என்ற கரு நம் நூலகத்திற்குப் புதியதன்று. அந்தலூஸின் இப்னு துஃபைல் (இறப்பு 1185) எழுதிய 'ஹய் இப்னு யக்ளான்' ஆளில்லாத் தீவில் மானால் வளர்க்கப்பட்ட குழந்தையின் கதை. அந்தத் தாய்மான் இறக்கிறது. என்ன நேர்ந்தது என்றறிந்து குணப்படுத்திவிடலாம் என்ற ஆசையில் ஹய் அதன் மார்பைப் பிளந்து பார்க்கிறான். இதயத்தின் ஓர் அறை வெறுமையாக இருக்கிறது. அதிலிருந்த ஏதோ ஒன்று போய்விட்டது, தன்னை வளர்த்தது அதுவே, இந்த உடலன்று என்று தெளிகிறான். ஜாம்பிக் கதைகளின் நாயகர் அனைவரும் சொல்லிக்கொள்ளும் வாதம் அட்சரம் பிசகாமல் இதுவே: இது என் தாயில்லை, தாயின் உடல் மட்டுமே. அங்கே அவ்வாதம் தலையில் சுடுவதற்கு அனுமதியாகிறது. இப்னு துஃபைல் அடுத்து என்ன எழுதுகிறார்? உடல் அழுகத் தொடங்குகிறது, ஹய்யிக்கு அருவருப்பு உண்டாகிறது. அப்போது இரு காகங்கள் சண்டையிட்டு ஒன்று மற்றதைக் கொல்கிறது. கொன்ற காகமே மண்ணைக் கிளறிப் புதைக்கிறது. தானும் அவ்வாறே செய்திருக்க வேண்டும் என வெட்கி, ஹய் தாயை அடக்கம் செய்கிறான். அல்மாயிதா அத்தியாயத்தில் ஆதமின் மகனுக்குக் காகம் கற்பித்த பாடத்தை ஆசிரியர் கருதிப் பார்த்திருக்கிறார் என்பது வெளிப்படை. உடல் வெறும் கூடு என்று மெய்யியல் சொன்ன பிறகும் அந்தக் கூட்டிற்கு ஒரு கடன் பாக்கியிருக்கிறது.

நெருக்கடியில் இதெல்லாம் சாத்தியமா என்று கேட்கப்படலாம். சட்ட நூல்கள் நெருக்கடியை அறியாதவையல்ல. பசியால் சாகும் நிலையில் உள்ளவன், வேறெதுவும் கிடைக்காதபோது, இறந்த மனிதனின் இறைச்சியை உண்ணலாமா என்று ஃபுகஹாக்கள் விவாதித்திருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில், உயிர் தரிக்கும் அளவுக்கு உண்ண இடமுண்டு. ஆயின் அதனைச் சமைக்கவோ சுடவோ கூடாது என இமாம் நவவி (இறப்பு 1277) பதிவு செய்கிறார். பச்சையாக உண்டாலே உயிர் காக்கப்பட்டுவிடும். சமைப்பது இறந்தவரின் கண்ணியத்தின் மீது தேவைக்கு மிஞ்சிய கைவைப்பு. இச்சட்டத்தை வகுப்பில் நடத்தும்போது மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். நமக்கோ இது இலக்கிய நுட்பம் வாய்ந்த சட்டமாகத் தோன்றுகிறது. நிர்ப்பந்தம் தடையை நீக்கும் என்பதோடு, நிர்ப்பந்தத்தின் அளவுக்கே நீக்கும் என்பதும் சேர்ந்துதான் விதி. பிழைத்தல் புதினங்களில் பெரும்பாலானவை முற்பாதியைப் பிடித்துக்கொண்டு பிற்பாதியை விட்டுவிட்டன.

இது ஏட்டுச் சட்டம் என்று கருதவேண்டா. நவவிக்கு முந்திய தலைமுறையில் எகிப்து இதனைக் கண்ணால் கண்டது. ஹிஜ்ரி 597, 598 ஆண்டுகளில் (1200-1202) நைல் போதிய அளவு பெருகாமல் பஞ்சம் வந்தது. பக்தாத் நகரத்து மருத்துவர் அப்துல் லத்தீஃப் அப்போது காஹிராவில் இருந்தார். கண்டவற்றை 'அல்இஃபாதா வல்இஃதிபார்' என்னும் நூலில் எழுதிவைத்தார். எந்தப் புதினமும் அதன் அருகில் வரமுடியாது. சுட்ட குழந்தை ஒன்று கூடையில் வைத்து ஆளுநரிடம் கொண்டுவரப்பட்டதையும், உடன் கொண்டுவரப்பட்ட ஆணும் பெண்ணும் அதன் பெற்றோர் எனக் கூறப்பட்டதையும் அவர் எழுதுகிறார். அவ்விருவரையும் எரிக்க ஆணையிடப்பட்டது. தொடக்கத்தில் ஊரே இதனைப் பேசிப்பேசித் திகைத்தது, பின்னர் பழகிப்போயிற்று, வியப்பதையே மக்கள் விட்டுவிட்டனர். நம்மை அதிகம் நடுங்கச் செய்தது கூடை அன்று, இந்தப் பழகிப்போதல்தான்.

ஆனால் அந்நூலில் வேறு ஒன்றும் உள்ளது. மனிதனைத் தின்றவர்கள் அதில் கடைசிவரை மனிதர்களாகவே இருக்கிறார்கள்: தொழில் உண்டு, குடும்பம் உண்டு, குற்றம் உண்டு, தண்டனை உண்டு. அவர்களை வேறோர் இனமாக்கித் தள்ளிவிடும் வசதியை அப்துல் லத்தீஃப் எடுத்துக்கொள்ளவில்லை. கஃபனிடப்பட்டுத் திவானின் பதிவேட்டில் ஏறியவர்கள் 22 மாதங்களில் ஏறத்தாழ 1,11,000 பேர் என்று அவர் குறிக்கிறார். பதிவில் ஏறாமல் போனவர்கள் அதனினும் மிகப் பலர் என்றும் சேர்த்துக்கொள்கிறார். நாடே செத்துக்கொண்டிருக்கையில், ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒருவர் கஃபன்களை எண்ணி எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். அல்மக்ஸ் என்னுமிடத்தில் குவிந்துகிடந்த எலும்புகளிடையே அப்துல் லத்தீஃப் 2000க்கும் மேற்பட்ட மண்டையோடுகளை ஆராய்ந்து, கீழ்த்தாடை ஒரே எலும்பு, ஜாலீனூஸ் கூறியதுபோல் இரண்டன்று என நிறுவினார் என்பது மருத்துவ வரலாறு அறிந்த செய்தி. அந்தப் பிணக்குவியலுக்குள்ளும் பார்க்கும் கண் அவிந்துபோகவில்லை.

இந்த அளவுகோலோடு ப்ரூக்ஸிடம் திரும்பினால், அவரது நூல் கெட்டிக்காரத்தனமானது என்பதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. போருக்குப் பின் பல நாட்டவரிடம் எடுத்த வாய்மொழிப் பேட்டிகளாக அதனை அமைத்தது நல்ல உத்தி. குவைத்தில் வளர்ந்த ஃபலஸ்தீன இளைஞர் ஒருவருக்கும் அதில் குரல் உண்டு. பேட்டி கொடுப்போர் எல்லாரும் பிழைத்தவர்கள். கோடிக்கணக்கில் சுட்டு வீழ்த்தப்பட்டோரில் எவருக்கும் பெயரில்லை. 2013இல் வந்த அதன் திரைவடிவமோ, ஜெரூசலத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள் ஒன்றுகூடிப் பாடியதால்தான் மதில் தாண்டப்பட்டது என்று காட்டியது. அதுபற்றிக் கூற நாகரிகமான சொல் நம்மிடம் இல்லை.

கார்மக் மெக்கார்த்தியின் 'தி ரோட்' (2006) வேறு தரத்தது. சாம்பல் மூடிய நாட்டில் ஒரு தந்தையும் சிறுமகனும் தெற்கு நோக்கி நடக்கிறார்கள். மனிதரைத் தின்னும் கூட்டங்கள் வழியில் உண்டு; ஆயின் அவர்கள் பிணங்கள் அல்லர், வழிதவறிய மனிதர்கள். என்ன நேர்ந்தாலும் நாம் தின்னமாட்டோம் அல்லவா என்று மகன் திரும்பத்திரும்ப உறுதி கேட்கிறான். அச்சிறுவனுக்கு மத்ஹபு கிடையாது, கிதாபும் கிடையாது. இருந்தும் விதியின் பிற்பாதி தெரிந்திருக்கிறது. தந்தை இறந்தபின் மூன்று நாள் அவ்வுடலை விட்டு அகலாதிருக்கிறான். பின்னர் வந்து சேரும் மனிதர் உடலைப் போர்வையால் மூடுவதாக வாக்களிக்கிறார். மூடியிருக்கிறதா என்று சிறுவன் திரும்பிச் சென்று பார்க்கிறான். மூடியிருக்கிறது. 2007இல் புலிட்சர் பரிசு பெற்ற அந்நூலில் இந்தப் போர்வைக்கு ஈடான பக்கம் வேறில்லை என்போம்.

கற்பனைப் பிணங்களுக்காக இவ்வளவு கவலை எதற்கு, கதையில் சுடுவதால் எவர் செத்தார் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. 2020க்கு முன் நமக்கும் அந்த ஐயம் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில், சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கவிடாமல் கும்பல் ஒன்று அவசர ஊர்தியைத் தாக்கியது. சக மருத்துவர் ஒருவர் இரவில் தாமே மண்வெட்டி பிடித்துக் குழியை மூட நேர்ந்தது. அதே மாதம் இலங்கையில், தொற்றால் இறந்தோர் அனைவரையும் எரித்தே ஆகவேண்டும் என அரசு ஆணை பிறப்பித்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு மார்ச் மாதமே வழிகாட்டியிருந்தும், நிலத்தடி நீர் கெடும் என்று காரணம் சொல்லப்பட்டது. டிசம்பரில், பிறந்து 20 நாளான முஸ்லிம் குழந்தை ஒன்றை எரித்தார்கள். பெற்றோரின் இசைவு இல்லை. மேத்சனின் தீக்குழியை நாம் அந்நாட்களில் மறுபடியும் எடுத்துப் படித்தோம். பொரளை மயானத்தின் வேலியில் பல சமயத்தாரும் வந்து கஃபனை நினைவூட்டும் வெண்துணி நாடாக்களைக் கட்டிச் சென்றனர். 2021 பிப்ரவரி இறுதியில் ஆணை விலக்கப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவெடுத்தது. அந்த அதிகாரிகள் ஜாம்பிப் புதினம் படித்தவர்கள் என்று நாம் சொல்லவில்லை. பிணம் என்றாலே தாக்கவரும் ஒன்று எனும் எண்ணம் அவர்களுக்கு அந்நியமாக இருக்கவில்லை என்று மட்டும் சொல்கிறோம்.

இறுதியாக, அரபு மொழியில் இக்கருவை முற்றிலும் புரட்டிப்போட்ட நூல் ஒன்றைக் குறிப்பிடவேண்டும். இராக்கியர் அஹ்மத் சஅதாவியின் 'பக்தாதில் ஃப்ராங்கன்ஸ்டைன்' 2013இல் வந்து, 2014க்கான அரபுப் புதினப் பன்னாட்டுப் பரிசைப் பெற்றது. 2005ஆம் ஆண்டு பக்தாத், நாள்தோறும் குண்டுகள். பழைய பொருள் வாங்கி விற்கும் ஹாதியின் நண்பர் குண்டுவெடிப்பில் இறக்கிறார். பிணவறையில் யாருடைய தசை யாருடையது என்று பிரிக்கமுடியாமல் கலந்துகிடப்பதை ஹாதி காண்கிறார். அன்றுமுதல் தெருவில் சிதறிய உறுப்புகளைப் பொறுக்கிவந்து, தம் கொட்டகையில் வைத்து ஒன்றோடொன்று தைக்கிறார். ஏன்? குப்பையாக வாரிப் போடாமல், முழு உடல் என்று மதித்து அடக்கம் செய்வார்களே என்பதற்காக. இதற்கிடையே குண்டுக்கு இரையான விடுதிக் காவலர் ஒருவரின் உயிர், தனக்கென உடல் எஞ்சாமையால் அலைந்து, தைக்கப்பட்ட அந்த உடலில் புகுந்துகொள்கிறது. எழுந்து நடக்கிறது. அதற்கு வழங்கும் பெயர் 'ஷிஸ்மஹ்', அதாவது 'அவன் பேரென்ன'.

தன்னை ஆக்கிய உறுப்புகளுக்காகப் பழிவாங்கப் புறப்படும் அவ்வுருவம், அழுகி விழும் பாகங்களுக்கு மாற்றாகப் புதுப் பாகங்களைத் தேடிக் கொல்லத் தொடங்குவதும், குற்றவாளியின் தசையும் அப்பாவியின் தசையும் ஒரே உடலில் கலந்துவிடுவதும் பின்பகுதி. அங்கங்கே கதை தொய்கிறது; பத்திரிகையாளர் தொடர்பான பகுதிகளைக் குறைத்திருக்கலாம். எனினும் முதற்பகுதிக்கு நிகராக நாம் அறிந்த ஜாம்பிப் புதினம் எதுவுமில்லை. ஏனைய நூல்களில், அடக்கம் செய்ய இயலாததற்குக் காரணம் பிணம் எழுந்துவிட்டது. இங்கோ அடக்கம் செய்யப்படாததால்தான் பிணம் எழுகிறது.

இந்நூலைப் படித்தபின் அம்மாணவரின் பழைய கேள்விக்கு ஒரு விடை கிடைத்ததுபோல் இருந்தது. ஜமல் போருக்குப் பின், பறவை ஒன்று எங்கிருந்தோ தூக்கிவந்த கையொன்றை மக்காவில் போட்டுச் சென்றது; மோதிரத்தைக் கொண்டு அது யாருடைய கை என அறிந்து, அக்கைக்கே ஜனாஸாத் தொழுதார்கள் என்னும் செய்தியை ஷாஃபிஈ நூல்கள் எடுத்துக்காட்டுகின்றன. உறுப்பு ஒன்றே கிடைத்தாலும் தொழுகை உண்டு என்பதற்கு அதுவே அவர்களது சான்று. ஹனஃபிகள் உடலின் பெரும்பகுதி வேண்டும் என்பர். அம்மாணவர் இன்று பட்டம் பெற்று, கடலோர ஊர் ஒன்றின் மதரஸாவில் பாடம் நடத்துகிறார். சென்ற விடுமுறையில் வந்தபோது சஅதாவியின் அரபு மூலத்தை நாமே அவர் கையில் கொடுத்து, இச்செய்தியையும் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்படின்னா ஹாதி தைச்சது எத்தனை ஜனாஸா, ஹழ்ரத்?" என்றார். கிதாபுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.